ஒத்திக்கு வட்டியில்லையா?

வட்டிக்குப் பணம் வாங்கி வீடு கட்டுவதில்லை என்ற உறுதியோடு வாழும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் இன்றும் இருக்கின்றன. பாதியில் நின்ற சுவரைப் பார்த்துக்கொண்டே பத்து ஆண்டு காத்திருந்து, கையில் காசு சேரச் சேரக் கல் வாங்கிக் கட்டியவர்கள் அவர்கள். அவ்வுறுதியை நாம் தலைவணங்கி மதிக்கிறோம். இக்கட்டுரை அவர்களை நோக்கியதன்று. அதே உறுதியை வாயால் சொல்லிக்கொண்டு, வங்கியின் படியை மிதிக்காத பெருமையோடு, ஒத்திப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறவர்களை நோக்கியது.

ஒத்தி என்பது என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்குப் பணம் தேவைப்படுகிறது. ஒருவர் எட்டு லட்சம் ரூபாய் கொடுத்து அவருடைய வீட்டில் குடியேறுகிறார். குடியிருப்பவர் வாடகை தருவதில்லை. வீட்டுக்காரர் வட்டி தருவதில்லை. மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ கழித்து எட்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பும். சில ஊர்களில் இதையே போக்கியம் என்பார்கள். பணம் கொடுத்தவர், “நான் வட்டி வாங்கவில்லையே” என்கிறார்; பணம் வாங்கியவர், “நான் வட்டி கொடுக்கவில்லையே” என்கிறார். இருவரும் மனநிறைவோடு ஜும்ஆவுக்குச் செல்கிறார்கள்.

வட்டி இல்லையென்றால் அந்த வாடகை எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு விடை தேடி ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுவதற்கு முன், நாட்டின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலே போதும். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அடமானங்களை வகைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று அனுபவ அடமானம். சொத்தைக் கடன் கொடுத்தவர் வசம் ஒப்படைத்து, அதிலிருந்து வரும் வாடகையையும் வருமானத்தையும் வட்டிக்கு ஈடாகவோ, அசலுக்கு ஈடாகவோ அவர் எடுத்துக்கொள்ள அனுமதிப்பதே அனுபவ அடமானம் என்பது சட்டத்தின் விளக்கம். நம்முடைய ஒத்தி அதுதான். அதிலும் அசல் ஒரு காசும் குறைவதில்லையாதலால், வட்டிக்கு ஈடு என்ற பாதி மட்டுமே நமக்குப் பொருந்துகிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் எழுதிய சட்டம் வட்டியின் இடத்தில் நிற்பது என்று வெளிப்படையாகச் சொன்னதை, வட்டியை விலக்கிய வேதத்தை ஓதுகிற நாம் “அது வட்டியில்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

கணக்கையும் பார்த்துவிடுவோம். வாடகைக்கு விட்டால் மாதம் 10,000 ரூபாய் வரக்கூடிய வீடு, எட்டு லட்சம் ஒத்திக்குப் போகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வாடகையை வீட்டுக்காரர் இழக்கிறார். எட்டு லட்சத்துக்கு அது 15 சதவிகிதம். அதே எட்டு லட்சத்தை எட்டரைச் சதவிகிதத்தில் பத்தாண்டுத் தவணைக்கு ஒரு வங்கியில் வாங்கியிருந்தால் மாதத் தவணை ஏறக்குறைய 9,920 ரூபாய். அதாவது, ஒத்தியில் அவர் விட்டுக்கொடுக்கும் வாடகையைக் கொண்டே வங்கிக் கடனை அசலும் வட்டியுமாகப் பத்தாண்டில் முழுவதும் தீர்த்திருக்கலாம். ஒத்தியிலோ பத்தாண்டு முடிந்த அன்றும் எட்டு லட்சம் அப்படியே நிற்கும். பெயரளவில் வட்டியில்லாத கடன், வட்டிக்கடனைவிடக் கொடிதாக அவரை விழுங்குகிறது. பல்லின் தடம் தெரியாததால் அவருக்கு வலிக்கவில்லை.

பணம் கொடுத்தவர் பக்கம் நின்று பாருங்கள். வங்கியின் வைப்புநிதியில் வைத்தால் வரும் வட்டி ஹராம் என்று அஞ்சி அதை எடுத்தவர் அவர். எடுத்த பணத்தை ஒத்தியில் போட்டார். வைப்புநிதி தந்திருக்கக் கூடியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பயன் இப்போது வாடகை மிச்சமாக அவர் கைக்கு வருகிறது. ஒத்திக்குக் குடியிருப்பவர்களில் பலர் எளியவர்கள், வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்த பணத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களுடைய எளிமை அவர்களுக்குரிய மரியாதையைத் தரும். ஒப்பந்தத்தின் தன்மையை மாற்றாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் சில உண்டு. இருவரும் மனமொப்பிச் செய்கிறார்களே என்பது ஒன்று. கந்துவட்டிக்காரனிடமும் மனமொப்பித்தான் கையெழுத்திடுகிறார்கள். மனமொப்புதல் வட்டியை ஆகுமாக்கியிருந்தால் விலக்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பேருக்கு மாதம் 500 ரூபாய் வாடகை வைத்துக்கொள்கிறோமே என்பது இன்னொன்று. இது சற்றுக் கெட்டிக்காரத்தனமானது. பத்தாயிரம் பெறுமான வீட்டை ஐந்நூறுக்கு விடுவாரா, அந்த எட்டு லட்சம் கைக்கு வராதிருந்தால்? விடமாட்டார் என்றால் மீதி 9,500 ரூபாய் எதற்கு ஈடு என்பதை அவர்களே சொல்லட்டும்.

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. அடகு வைத்த பிராணியின் மீது, அதற்குத் தீனி போடுகிறவர் சவாரி செய்யலாம், அதன் பாலையும் குடிக்கலாம் என்று புகாரியில் அறிவிப்பு இருக்கிறதே, அடகு வாங்கிய வீட்டில் குடியிருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். அவ்வறிவிப்பு தீனிச் செலவுக்கு ஈடான பயனைப் பேசுகிறது. வீடு புல் தின்பதில்லை. தண்ணீர் வரியும் வீட்டு வரியும்கூடப் பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விடிகின்றன. கடன் கொடுத்தவர் அக்கடனை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் எந்தப் பயனும் வட்டியின் பாற்பட்டது என்பதில் மத்ஹபுகளின் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

விலைக்கு விற்று, பணத்தைத் திருப்பும்போது வீட்டைத் திருப்பித் தருவது என்ற ‘பைஉல் வஃபா’ முறையைப் பிற்கால ஹனபிச் சட்ட அறிஞர் சிலர் தேவை கருதி அனுமதித்தார்கள் என்பது உண்மை. ஹள்ரமௌத் நாட்டு ஷாபிஈகளிடையேயும் அத்தகைய ஒரு வழக்கம் நிலவியது. ஆயினும் அது பயன் தரும் கடனே என்றும் கூடாது என்றும் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹுப் பேரவை 1992இல் ஜித்தாவில் கூடி முடிவு செய்தது. தீர்ப்பு வழங்கும் பணி ஆலிம்களுடையது. நாம் அதில் கைவைக்கவில்லை. வங்கி வட்டியைப் பற்றி அதே பேரவை 1985இல் சொன்ன முடிவை மேடைதோறும் முழங்குகிற நம் பேச்சாளர்கள், 1992ஆம் ஆண்டு முடிவைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்று மட்டும் கேட்கிறோம்.

மார்க்கத்தைச் சற்று ஒதுக்கி உலகியலாகப் பார்த்தாலும் ஒத்தி பாதுகாப்பானதன்று. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கான அனுபவ அடமானம் இரு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு. நம் ஊர்களில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்த வீட்டின் மூலப்பத்திரம் ஏற்கெனவே ஒரு வங்கியில் இருந்தால் என்ன ஆகும்? தவணை நின்றால், நீதிமன்றம் சென்று வழக்காடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விட 2002ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிக்கு உரிமை தருகிறது. எட்டு லட்சம் கொடுத்தவர் சட்டியும் பானையுமாகத் தெருவில் நிற்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. அதை மனனம் செய்த சமுதாயம் பதிவுக் கட்டணத்துக்குப் பயந்து பதிவில்லாத தாளில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறது.

அப்படியானால் வங்கிக்குப் போகச் சொல்கிறீர்களா என்று அன்பர்கள் கேட்பார்கள். வங்கிக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. நிர்ப்பந்தத்தின் அளவைப் பற்றி அறிஞர்களிடையே வேறுபாடு இருக்கிறது. மேலைநாட்டு முஸ்லிம்கள் தாம் குடியிருக்கும் ஒரே வீட்டுக்காக, வேறு வழியற்றபோது வங்கிக் கடன் வாங்கலாம் என்று ஐரோப்பிய ஃபத்வாப் பேரவை 1999இல் கூறியது. அதை ஏற்காத ஆலிம்கள் பலர். யார் சொல்வதைப் பின்பற்றுவது என்பது அவரவர் தம் ஆலிமிடம் கேட்டறிய வேண்டியது. ஆனால், நிர்ப்பந்தம் என்று கூறி வங்கிக்குச் சென்றுவிட்ட குடும்பங்கள் நம்மில் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதை மூடிமறைப்பதால் யாருக்கு என்ன நன்மை? வெட்கத்தால் அவர்கள் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. இரவோடிரவாகச் சென்று, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டு வருகிறார்கள். ஹராம் என்று அஞ்சியவர்களே அதிக வட்டி கட்டுகிறவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இருபது லட்சத்தை எட்டரைச் சதவிகிதத்தில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,189 ரூபாய். இருபது ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை நாற்பத்தொன்றரை லட்சத்தைத் தாண்டும். அதையே பதினைந்து ஆண்டாகச் சுருக்கினால் தவணை 2,340 ரூபாய் அளவுக்குத்தான் கூடும். மொத்தத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் வட்டி குறையும். தவணைத் தொகை சிறியதாக இருக்க வேண்டும் என்று ஆண்டுகளை நீட்டிக்கொள்வது, வட்டியை வெறுக்கிறவன் செய்யக்கூடிய காரியமா?

நிலையான வட்டி, மாறும் வட்டி என்று இரு வகை சொல்வார்கள். நிலையானது தொடக்கத்தில் சற்று அதிகம். மாறுவதோ ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு ஏறி இறங்குவது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவிகிதமாக இருந்த அவ்விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. 2021இல் ஆறே முக்கால் சதவிகிதத்தில் இருபதாண்டுக்கு இருபது லட்சம் வாங்கி, இரண்டாண்டு ஒழுங்காகக் கட்டியவரை எண்ணிப் பாருங்கள். வட்டி ஒன்பதே கால் ஆனபின், தவணையை உயர்த்தாமல் பழைய 15,200 ரூபாயையே கட்டி வந்தால், மீதமிருந்த பதினெட்டு ஆண்டு முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக நீளும். வாங்கியவர் மௌத்தான பின்னும் கடன் உயிரோடிருக்கும். விகிதம் மாறும்போது தவணையை உயர்த்துவதா, ஆண்டை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. கேட்கும் கடிதம் வந்தால் அதைப் படிக்காமல் பரணில் போடாதீர்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு 2012லேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே கையில் ஒரு லட்சம் சேர்ந்தால் அது முதலில் போக வேண்டிய இடம் அந்தக் கடன்தான்; கல்யாண மண்டபமன்று.

‘எட்டு சதவிகிதந்தான்’ என்று கடைத்தெருவில் கூவப்படும் கடன்களைப் பற்றி ஒரு சொல். குறையும் அசலுக்கன்றி முழு அசலுக்கும் கடைசிவரை கணக்கிடப்படும் வட்டி அது. பத்து லட்சத்துக்குப் பத்தாண்டுக்கு எட்டு லட்சம் வட்டி சேர்த்து மாதம் 15,000 கட்டச் சொல்வார்கள். உண்மையில் அது 13 சதவிகிதத்துக்குச் சற்று மேற்பட்ட வட்டி.

வட்டியில்லாத நேர்வழி உலகில் இல்லாமலில்லை. வங்கியும் வாங்குபவரும் வீட்டைக் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அப்பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கிவிடும் குறைந்துவரும் கூட்டுரிமை முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. மலேசியா 1983இல் இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றியது. நம் மொழி பேசும் முஸ்லிம்கள் வாழும் இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி இயங்குகிறது. இந்தியாவிலோ 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. 9ஆம் பிரிவு தன் உபயோகத்துக்கல்லாத நிலபுலனை ஏழாண்டுக்கு மேல் வைத்திருப்பதைத் தடுக்கிறது. வங்கி வாங்கி நமக்கு விற்றால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இரு முறை விழும். தமிழ்நாட்டில் ஒரு முறைக்கே பொதுவாக 9 சதவிகிதம். இந்த இரட்டைச் சுமையை இங்கிலாந்து 2003இல் நீக்கிற்று. இங்கே, வட்டியில்லா வங்கிமுறைக்கு இடமளிக்கலாம் என்று 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தும், அம்முயற்சியைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்த செய்தி 2017இல் வெளியாயிற்று.

ஆட்சியாளர்களைக் குறை சொல்லிவிட்டு ஒத்தி வீட்டில் உட்கார்ந்துகொள்வது எளிது. சட்டம் தடுக்காத வழிகளும் இருக்கின்றனவே! ரொக்கத்துக்கு முப்பது லட்சம் பெறும் வீட்டை, முப்பத்தாறு லட்சம் என ஒரே விலை பேசி, மாதம் 50,000 வீதம் ஆறாண்டுத் தவணையில் நம் வணிகர் ஒருவர் விற்கலாம். விலை முன்னரே முடிவாகி, தாமதத்துக்காக ஒரு காசும் ஏற்றப்படாத தவணை விற்பனை கூடும் என்பதை ஃபிக்ஹுப் பேரவை 1990இல் உறுதி செய்திருக்கிறது. கிரயம் எழுதிக் கொடுத்தாலும், பாக்கி விலைக்காக அந்தச் சொத்தின் மீது விற்றவருக்குப் பொறுப்புரிமை உண்டு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவே காவல் நிற்கிறது. கூட்டாகச் சொத்து வாங்கிய சகோதரர்களில் வசதியுள்ளவர் தம் பங்குக்கு நியாயமான வாடகை பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் ஒரு பகுதியை மற்றவருக்கு விற்றுக்கொண்டே வரலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குச் சலுகைத் தீர்வையும் உண்டு. அடுக்குமாடி கட்டி விற்கும் முஸ்லிம் செல்வர்கள் நம் நகரங்களில் குறைவில்லை. அவர்களுடைய விளம்பரத் தாள்களில் எந்தெந்த வங்கி கடன் தரும் என்ற பட்டியல் கொட்டை எழுத்தில் இருக்கிறது; தாமே தவணைக்குத் தருவதாக ஒரு வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர்தோறும் உள்ள பைத்துல்மால்களும் சிறு கைமாற்றுகளோடு நின்றுவிடுகின்றன. பாதியில் நின்ற ஒரு வீட்டுக்குத் தளம் போட இரண்டு லட்சம் அழகிய கடன் கொடுக்கும் திட்டம் ஒன்றை, ஆண்டுக்கு ஐந்து குடும்பங்களுக்கு என்றாவது, அவை தொடங்கக் கூடாதா?

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் பலருக்குக் கசக்கும். ஒத்திக்குப் போகும் வீடுகள் எல்லாம் மருத்துவச் செலவுக்கும் படிப்புக்குமாகப் போகவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரையூர்களிலும், கடலுக்கப்பால் கிழக்கிலங்கையிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது வழக்கம். பெண் தன் வீட்டில், தன் தாயின் அண்மையில், தன் பெயரிலுள்ள கூரையின் கீழ் வாழ்கிறாள் என்பது அவ்வழக்கத்தின் சிறப்பு. நாம் அதைப் பழிக்கமாட்டோம். ஒரு காலத்தில் இருந்த வீட்டையே பகுத்துக் கொடுத்தார்கள். இன்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனி வீடு, அதுவும் மார்பிள் தரையோடு, என்றாகிவிட்டது. மூத்தவளுக்குக் கட்டிய வீட்டை நிறைவு செய்ய இளையவளுக்கென்று வைத்திருந்த வீட்டை ஒத்திக்கு விடுகிறார் தந்தை. இளையவளுக்கு நாள் குறித்ததும் அதை மீட்க வங்கிக்கு ஓடுகிறார். அறுபது வயதில் மீண்டும் விமானம் ஏறுகிறார்.

பெண் பேச வருகிறவர்கள் மனை எத்தனை சென்ட், அறை எத்தனை, மாடி உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த வீட்டின் மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது, அதன் மேல் கடன் எவ்வளவு, அதை எத்தனை வயதுவரை யார் அடைக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்டு நாம் அறியோம். அடுத்த முறை பேச்சுக்கு அமரும்போது ஜமாஅத்தின் பெரியவர்களே அதைக் கேட்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே கேட்கட்டும்.